ஓஹோ என்றால் பாராட்டு அல்ல

இந்த மொழிப் பக்கத்தில் கடைச் சொற்களையும் ஆஸ்பத்திரிச் சொற்களையும் முன்னர் பார்த்திருக்கிறோம். இம்முறை ஸ்பெயினில் புதிதாகக் குடியேறியிருக்கும் எம்மவருக்காக வேறொரு வகைச் சொற்களை எடுத்துக்கொள்கிறோம். மொழி வகுப்பில் இவற்றைச் சொல்லித்தர நேரம் இருப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே இவை காதில் விழுந்துவிடும். கவனம், பொறு, ஏமாறாதே, துணிந்து இறங்கு என்று இந்நாட்டுச் சனங்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சு வழக்குகள்தான் அவை. விளங்காவிட்டால் கையோ காலோ போகலாம், சில வேளை ஒரு மாதச் சம்பளமே போகலாம்.

முதலில் வருவது 'ஓஹோ'. நாம் வியந்து சொல்லும் ஓஹோவைப் போலவே காதில் விழும். ஸ்பானிய மொழியில் அதற்குக் கண் என்று பொருள். யாராவது 'ஓஹோ!' என்று குரல் கொடுத்தால், கண்ணைத் திறந்து பார் என்று அர்த்தம். கட்டட வேலைக்குப் புதிதாகப் போன எங்கள் தம்பி ஒருவர், சாரத்தின் மேல் நின்ற மேசன் 'ஓஹோ, ஓஹோ' என்று கத்தியதும், தன் வேலையைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாராம். பக்கத்தில் நின்ற ஈக்குவடோர்காரர் சட்டையில் பிடித்து இழுத்தபடியால் சாந்து வாளி நிலத்தில் விழுந்தது. இப்போது அவரே இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் சிரிக்க ஆள் மிஞ்சியது அந்த ஈக்குவடோர்காரரால்தான்.

யோசித்துப் பார்த்தால் இது எமக்குப் புதிதல்ல. பிள்ளை படியில் இறங்கும்போது நாமும் 'பாத்து, பாத்து' என்றுதான் சொல்கிறோம். எமக்கும் எச்சரிக்கை கண்ணில்தான் இருக்கிறது. அவர்கள் கண்ணின் பெயரைச் சொல்கிறார்கள், நாம் கண்ணின் வேலையைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஓஹோவுக்கு ஒரு சைகையும் உண்டு. சுட்டுவிரலைக் கண்ணின் கீழ் இமையில் வைத்துச் சற்றுக் கீழே இழுப்பார்கள். பஸ்ஸிலோ சந்தையிலோ முன்பின் தெரியாத ஒரு கிழவி உங்களைப் பார்த்து அப்படிச் செய்தால், நையாண்டி பண்ணுகிறாள் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் கைப்பையைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவன் கை எங்கே போகிறது என்று அவள் கண்டிருப்பாள்.

புத்தகத்தில் உள்ள சொல் 'குயிதாதோ'. எமது 'கவனம்' என்பதற்கு அச்சொட்டாகப் பொருந்தும் சொல் அது. ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர் எந்தச் சொல்லையும் செல்லமாகச் சின்னதாக்கிப் பேசுவார்கள். கோப்பி சின்னக் கோப்பி ஆகும், வீடு சின்ன வீடு ஆகும். ஆனால் ஓஹோ 'ஓஹீத்தோ' ஆகும்போதும், குயிதாதோ 'குயிதாதீத்தோ' ஆகும்போதும் செல்லம் போய்விடுகிறது. 'ஓஹீத்தோ' என்று ஒருவர் மெல்லிய குரலில் சொன்னால் அது பெரும்பாலும் வெருட்டல். 'நீ செய்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்பது அதன் உட்பொருள். பள்ளிக்கூடத்தில் பெரிய பெடியன் ஒருவன் தனக்கு ஓஹீத்தோ சொன்னதாக உங்கள் பிள்ளை வந்து சொன்னால், சின்னக் கண் என்று அகராதியைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாமல், என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

எம்மவர் பலர் உணவகச் சமையலறைகளில் வேலை செய்வதால் அங்குள்ள கூப்பாடுகளையும் சொல்லவேண்டும். கொதிக்கும் சட்டியோடு வருபவர் 'கேமோ!' என்பார். நேரே மொழிபெயர்த்தால் 'நான் சுடுகிறேன்' என்று வரும். எண்ணெய்ச் சட்டி பின்னால் வருகிறது, அசையாதே, திரும்பாதே என்பதே அதன் கருத்து. கூப்பாடு கேட்டதும் பின்னால் என்ன என்று திரும்பிப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்புதான் அங்கே முழங்கையைச் சுட்டுவிடும். 'குயிதாதோ கே மாஞ்சோ' என்று இன்னொன்று. 'கவனம், நான் கறையாக்கிவிடுவேன்' என்பது சொற்பொருள். கையில் சாமானோடு வருபவர் வழி கேட்கும் முறை இது. கறை படும் பொருள் கையில் இல்லாதவரும் பகிடியாக இதைச் சொல்லி வழி எடுத்துக்கொள்வார். பொறுப்பாளர் ஏதும் சொன்னால் 'ஒயீதோ', அதாவது 'கேட்டது', என்று உரக்கச் சொல்லவேண்டும். எம்மவர் மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு நிற்பார்கள். அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உங்கள் தலையாட்டல் தெரியாது. கேட்கவில்லை என்று எண்ணி இன்னும் உரக்கக் கத்துவார், நீங்களோ ஏன் ஏசுகிறார் என்று மனம் நோவீர்கள்.

அடுத்தது 'ஆகுவா', தண்ணீர். சட்டவிரோதமாகப் பொருள் விற்கும் சந்துகளில் யாராவது 'ஆகுவா!' என்று கத்தினால் பொலிஸ் வருகிறது என்று பொருள். போதைப்பொருள் விற்கும் இடங்களில் காவல் நின்று அப்படிக் குரல் கொடுப்பவனைத் 'தண்ணீர்க்காரன்' என்றே சொல்கிறார்கள். அந்தக் குரல் கேட்டுச் சனம் ஓடினால் நீங்கள் சேர்ந்து ஓடவேண்டாம். எமது ஊரில் பொலிசையும் ஆமியையும் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் எமக்கு. அது எங்களைத் தப்பவைத்த பழக்கம்தான். இங்கே அதுவே சந்தேகத்தைக் கொண்டுவரும். கையில் அட்டை இருக்கிறது, உங்கள் பாட்டில் நடந்து போங்கள்.

தண்ணீருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மட்ரிட் நகரில் கழிவுநீர்க் கால்வாய் இல்லாத காலத்தில் வீட்டு அழுக்குத் தண்ணீரையும் அதைவிட மோசமானவற்றையும் யன்னலால் தெருவுக்கு ஊற்றுவார்கள். ஊற்றுமுன் 'ஆகுவா வா!' என்று சத்தம் போடவேண்டும். ஸ்பானியத்தில் 'வா' என்றால் போகிறது என்று பொருள். 'தண்ணீர் போகுது' என்று கத்துவதைக் கேட்டு, தமிழன் ஒருவன் கீழே நின்றிருந்தால் 'வா' என்று கூப்பிடுகிறார்கள் என்று கிட்டப் போயிருப்பான். 1759இல் அரசரான மூன்றாம் கார்லோஸ் இத்தாலியக் கட்டடக் கலைஞர் சபத்தீனியைக் கொண்டு தெருக்களுக்குக் கல் பதித்து, கழிவுக்கு வழி செய்வித்த பின்னர்தான் இந்த வழக்கம் ஒழிந்தது. சொல் மட்டும் ஒழியவில்லை. முன்னறிவித்தல் இன்றி ஒருவர் ஏதும் செய்துவிட்டால் 'ஆகுவா வா சொல்லாமலே செய்துவிட்டான்' என்று இன்றும் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றினால் அயலவர் வாயில் இந்த வசனம் வரும். மெக்சிக்கோக்காரர் 'கவனம்' என்பதற்கே 'ஆகுவாஸ்!' என்கிறார்கள்.

வேலைத்தலங்களில் தென்னமெரிக்கர் நிறையப் பேர் இருப்பதால் அவர்களுடைய சொற்களும் வேண்டும். கொலம்பியரும் ஈக்குவடோர்காரரும் 'பீலாஸ்!' என்பார்கள். ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரிகள்தான் பீலாஸ். அவர்கள் வாயில் அது 'உசார்!' என்று எச்சரிக்கும். ஸ்பெயின்காரர் 'பற்றரியைப் போடு' என்றால் அதில் எச்சரிக்கை இல்லை, சுறுசுறுப்பாக வேலை செய் என்கிறார். கொலம்பியரிடம் இன்னொரு அருமையான வழக்கு உண்டு: 'நோ தார் பப்பாயா', பப்பாசிப்பழம் கொடுக்காதே. பிறர் உன்னைக் களவெடுக்கவோ ஏமாற்றவோ நீயே வசதி செய்து கொடுக்காதே என்பது கருத்து. கோப்பிக் கடையில் மேசைமேல் ரெலிபோனை வைத்துவிட்டுச் சாமான் வாங்க எழுந்து போவது பப்பாசிப்பழம் கொடுப்பது. வெட்டிவைத்த பழத்தை எவனும் எடுத்துச் சாப்பிடுவான் என்பது அவர்கள் நியாயம். ஒரு சிறு எச்சரிக்கை நாமும் சொல்லிவைக்கிறோம்: கியூபாக்காரர் நடத்தும் பழக்கடையில் பப்பாசி வேண்டுமானால் 'ஃப்ரூத்தா பொம்பா', குண்டுப் பழம், என்று கேளுங்கள். பப்பாயா என்ற சொல்லுக்கு அவர்களிடம் பெண்கள் முன் சொல்லக்கூடாத பொருள் ஒன்று உண்டு.

மட்ரிட் பக்கத்தில் 'ஆல் லோரோ' என்றும் கேட்பீர்கள். லோரோ என்றால் கிளி. கிளிக்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வானொலிப் பெட்டிக்கு இளைஞர்கள் வைத்த பட்டப்பெயர் அது, வானொலியில் காதை வைத்திரு என்பதில் இருந்து வந்தது என்று விளக்கம் சொல்கிறார்கள். மட்ரிட் மேயராக 1979 முதல் 1986 வரை இருந்த என்ரிக்கே தியெர்னோ கல்வான் அறுபது வயது கடந்த பேராசிரியர். 1984இல் இளைஞர் நிறைந்த இசை விழா மேடையில் அவர் இந்தச் சொல்லைச் சொல்லி முடித்ததை நகரம் இன்னும் மறக்கவில்லை. தெருச் சொல் என்று நாம் ஒதுக்குவதை அந்த ஊர்ப் பேராசிரியர் ஒதுக்கவில்லை.

காளை இல்லாமல் ஸ்பானிய மொழி இல்லை. காளைச் சண்டையை விரும்பாதவர்களும் பேச்சில் காளையை விடமாட்டார்கள். ஆபத்தில் இறங்காமல் தூர நின்று கருத்துச் சொல்பவனை 'வேலிக்கு வெளியில் நின்று காளை பார்க்கிறான்' என்பார்கள். இக்கட்டில் இருப்பவனுக்குக் கைகொடுப்பது 'சால்வை வீசுவது'. மாடுபிடிப்பவன் விழுந்துவிட்டால் மற்றவர்கள் சால்வையை வீசி மாட்டைத் திசைதிருப்புவதில் இருந்து வந்தது. எமக்கு மிகவும் பயன்படுவது 'கே தே பீயா எல் தோரோ'. 'காளை உன்னைப் பிடிக்கப் போகுது' என்று பொருள். தவணை முடியப் போகிறது, இன்னும் நீ ஒன்றும் செய்யவில்லை என்று கிண்டலாகச் சொல்வது. வதிவிட அட்டை புதுப்பிக்க நேரம் குறித்து வாங்கவேண்டும் என்பதும், அந்த 'ஸீத்தா பிரேவியா' கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் அட்டையின் திகதியைப் பார்த்துவிட்டு உதவி நிலையத்துப் பெண் காளையைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

இனி ஏமாற்றுச் சங்கதிகள். இதில் பூனைதான் நாயகன். முயல் இறைச்சி என்று சொல்லிப் பூனை இறைச்சியைக் கொடுப்பது, 'காத்தோ போர் லியேப்ரே', எந்த மோசடிக்கும் பெயர். 'அக்கி ஐ காத்தோ என்ஸெராதோ' என்றால் 'இங்கே பூனை அடைபட்டுக் கிடக்குது'. ஏதோ மறைவாக இருக்கிறது, சரியில்லை என்பதற்குச் சொல்வது. பழங்காலத்தில் பூனைத்தோலில் காசுப்பை செய்தார்கள், அந்தப் பைக்கே பூனை என்று பெயர் இருந்தது, ஒளித்துவைத்த பணம்தான் அடைபட்ட பூனை என்று விளக்குவாரும் உண்டு. வாடகை வீடு தேடும்போது இந்த வசனத்தை நினைவில் வையுங்கள். வீட்டைக் காட்டாமலே, சாவி தபாலில் வரும், முற்பணத்தை இன்றே அனுப்பு என்று கேட்டால் பூனை கத்துகிறது என்று அறிக. 1994ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டாயப் பிணைப்பணம் ஒரு மாத வாடகை. மேலதிக உத்தரவாதம் சட்ட வரம்புக்குள் கேட்கலாம், ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும்.

அந்தப் பிணைப்பணத்துக்கு 'ஃபியான்ஸா' என்று பெயர். 'ஃபியார்' என்ற வினையின் பிள்ளை அது. ஃபியார் என்றால் நம்புவது, கடன் கொடுப்பதும் அதுவே. பழைய மதுக்கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் ஒரு பலகை தொங்கும்: 'ஒய் நோ ஸே ஃபீயா, மன்யானா ஸீ'. 'இன்று கடன் இல்லை, நாளை உண்டு.' எங்கள் ஊர்க் கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதித் தொங்கவிட்ட அதே பலகை! எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வந்தும் கடைக்காரன் ஒரே கடைக்காரன்தான். ஒருவரை நம்பமுடியாது என்று தோன்றினால் 'நோ மே ஃபீயோ உன் பேலோ' என்பார்கள். ஒரு மயிரளவுகூட நம்பமாட்டேன் என்று பொருள்.

இரண்டு பழைய ஏமாற்றுகளின் பெயரும் தெரிந்திருக்கவேண்டும், அவை இன்னும் சாகவில்லை. 'எஸ்தாம்பீத்தா' என்பது ஒன்று. சாமிப்படம் என்று அர்த்தம். புத்தி குறைந்தவன்போல் நடிக்கும் ஒருவன் ஒரு பை நிறையக் காசுத்தாள் வைத்துக்கொண்டு, அவை வெறும் படங்கள் என்று சொல்லித் திரிவான். அவனுடைய கூட்டாளி உங்களிடம் வந்து, 'பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சக் காசு கொடுத்து முழுதையும் வாங்கிவிடலாம்' என்பான். வாங்கியபின் உறையைத் திறந்தால் உள்ளே கடதாசித் துண்டுகள். 1959இல் வந்த 'லோஸ் திராம்போஸோஸ்' என்ற நகைச்சுவைப் படத்தில் நடிகர் தோனி லெப்லாங் இதை நடித்துக் காட்டி நாட்டையே சிரிக்கவைத்தார். மற்றது 'தொக்கொமோச்சோ': பரிசு விழுந்த லொத்தர்ச் சீட்டு இருக்கிறது, எனக்கு அவசரமாக ஊருக்குப் போகவேண்டும், குறைந்த விலைக்கு எடுத்துக்கொள் என்பது. இரண்டிலும் ஏமாறியவர் பொலிசுக்குப் போகக் கூச்சப்படுவார். பேதை ஒருவனை ஏமாற்றப் பார்த்தேன் என்று யார் போய்ச் சொல்வது? அந்தக் கூச்சம்தான் கள்ளனின் மூலதனம்.

துணிவு பற்றிய சொற்களில் 'ஹுகார்ஸெலா' முக்கியம். விளையாடுதல் என்ற வினையில் இருந்து வந்தது. சூதாட்டத்தில் பந்தயம் வைப்பதுபோல் ஆபத்தில் இறங்குவது. 'தே லா ஹுவேகாஸ்' என்று யாராவது சொன்னால், நீ ஆபத்தோடு விளையாடுகிறாய் என்கிறார். ஆனால் 'மே லா ஆன் ஹுகாதோ' என்றால் பொருள் அடியோடு மாறிவிடும்: 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்.' விளையாட்டு ஒன்றுதான். நீ விளையாடினால் துணிச்சல், உன்னை வைத்து மற்றவன் விளையாடினால் மோசடி.

எல்லாவற்றையும்விட நாம் கவனமாகப் பார்க்கவேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது. அதில் ஆபத்து என்ற சொல்லே கிடையாது. 'நோ பாஸா நாதா'. 'ஒன்றும் நடக்காது', 'பரவாயில்லை' என்று இரண்டு விதமாகவும் எடுக்கலாம். நீங்கள் கை தவறிக் கோப்பையை உடைத்து, கடைக்காரர் நோ பாஸா நாதா என்றால் அது அன்பு. வங்கியில் சொல் வராமல் தடுமாறும்போது பின்னால் நிற்பவர் சொன்னால் அதுவும் அன்பு. ஆனால் கயிறு கட்டாமல் கூரையில் ஏறு என்று சொல்பவர் வாயில் அதே வசனம் வந்தால் என்ன செய்வது? 'பதிவு அடுத்த கிழமை செய்கிறேன், நோ பாஸா நாதா' என்று முதலாளி சொன்னால்? யார் சொல்கிறார், ஏதும் நடந்தால் யாருக்கு நடக்கும் என்று பாருங்கள். உடைந்தது அவருடைய கோப்பை என்றால் நம்பலாம். உடையப்போவது உங்கள் முதுகெலும்பு என்றால் நம்பவேண்டாம்.

இதில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வேலைத்தல ஆபத்துத் தடுப்புப் பற்றிய 1995ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம், 21ஆம் பிரிவில், உயிருக்கோ உடலுக்கோ பாரதூரமான உடனடி ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்திவிட்டு அந்த இடத்தை விட்டு வெளியேறத் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. முதலாளி உங்களைச் சமூகக் காப்பில் பதிந்தாரா என்று அறிய 'வீதா லபொரால்' என்ற பத்திரத்தைச் சமூகக் காப்புத் திணைக்களத்திடம் இலவசமாகப் பெறலாம். பதியாமலே வைத்திருந்து வேலையில் விபத்து நேர்ந்தாலும், பதிந்ததாகவே சட்டம் கொள்கிறது. ஆகவே காலை முறித்துக்கொண்டு, வீட்டில் விழுந்தேன் என்று டொக்டரிடம் சொல்லச் சொன்னால் சொல்லவேண்டாம். கூரையில் ஏறச் சொன்னபோது சண்டை பிடிக்கவும் தேவையில்லை. 'நோ மே லா ஹுவேகோ' என்று மூன்று தரம் அமைதியாகச் சொல்லுங்கள். 'நான் இந்த விளையாட்டுக்கு இல்லை' என்று அவருக்கு நன்றாக விளங்கும்.

துணிவே கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. கடல் தாண்டி வந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல எமக்கு என்ன தகுதி? ஸ்பானியரும் இரண்டு பக்கமும் பேசுவார்கள். ஆபத்தில் இறங்காதவன் வெல்வதில்லை என்பார்கள், அடுத்த மூச்சில் ஈயக் கால்களால் நட என்பார்கள். பின்விளைவு பாராமல் இறங்குபவனைப் போர்வையைத் தலையில் சுற்றிக்கொண்டான் என்பார்கள். எமக்குப் பிடித்தது 'நதார் இ குவார்தார் லா ரோப்பா', நீந்திக்கொண்டே உடுப்பையும் காவல் காப்பது. இருக்கிற வேலையை விடாமல் இரவு வகுப்புக்குப் போய்ச் சாரதிப் பத்திரம் எடுத்த எம் அக்காமாரைப் பார்க்கும்போது இந்த வசனம் நினைவுக்கு வருகிறது.

வீட்டில் பிள்ளைகள் இவற்றை எம்மைவிட வேகமாகப் பிடித்துவிடுவார்கள். துடியாட்டமான தம்பியைப் பார்த்து அக்காள்காரி 'நீ இரண்டு துவக்கு வைத்திருக்கிற குரங்கைவிட ஆபத்து' என்று ஸ்பானியத்தில் சொன்னால் ஏசவேண்டாம். விக்கல் வந்த முடிதிருத்துபவரைவிட ஆபத்து என்றும் ஒன்று உண்டு. அது ஊர்ப் பகிடி. வெயில் எறிக்கும் நாளில் குடை எடுத்துக்கொண்டு போகும் அம்மாவிடம் அயல்வீட்டுக்காரி 'போர் ஸீ லாஸ் மோஸ்காஸ்' என்பாள். 'இலையான் வந்தாலும்' என்று சொற்பொருள், 'எதற்கும் இருக்கட்டும்' என்பது கருத்து. ஆமென்று சிரித்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் வேலைத்தலத்தில் கேட்டு விளங்காத வசனங்களை, கேட்ட மாதிரியே தமிழில் எழுதி எமக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். யார் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. அடுத்த இதழில் வாடகைப் பத்திரத்தில் வரும் சொற்களைப் பார்ப்போம்.